காலி மாதத்தின் கணக்கு: வாடகை வீடு கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் “அடுத்த வீட்டை எப்போது வாங்கலாம்?” என்பதுதான். இருக்கிற வீட்டு வாடகையில் செலவு போகக் கையில் எவ்வளவு நிற்கிறது என்று எழுதியவர்கள் மிகக் குறைவு. அதனால் சில பதில்கள் கொஞ்சம் கறாராகவே இருக்கும்.

சரவணம்பட்டி, கோவை

கேள்வி: கடன் இல்லாத இரண்டு தனி வீடுகளிலிருந்து மாதம் 24,000 ரூபாய் வாடகை வருகிறது. இப்போது 60 லட்சத்துக்கு ஒரு பழைய அடுக்குமாடி வீடு விலைக்கு வந்திருக்கிறது. வங்கி 48 லட்சம் தரும். 15,000 வாடகைக்குப் போகும் என்கிறார் தரகர். வாங்கலாமா?

பதில்: கணக்கைப் போட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள். கைப்பணம் 12 லட்சம். மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 60 லட்சத்துக்கு அது 5.40 லட்சம். ஆக, சாவி கைக்கு வருவதற்குள் 17.40 லட்சம் போய்விடும். வட்டி 8.5 சதவீதம், 20 ஆண்டு என்று வைத்தால் ஒரு லட்சத்துக்கு மாதம் 868 ரூபாய். 48 லட்சத்துக்குத் தவணை ஏறக்குறைய 41,650. வாடகை 15,000-இல் பராமரிப்புக்கு 2,000, பிறகு சொத்துவரி, ஆண்டுக்கு ஒரு மாதம் வீடு காலியாகக் கிடக்கும் இழப்பு எல்லாம் கழித்தால் 11,000 நின்றால் பெரிது. மீதி 30,000-க்கும் மேல் மாதந்தோறும் எங்கிருந்து வரும்? இரண்டு வீட்டு வாடகையையும் அப்படியே கொட்டினாலும் பற்றாது. சம்பளத்திலும் கை வைக்க வேண்டும்.

விலை ஏறுமே என்பீர்கள். ஏறலாம். ஆனால் அடுக்குமாடியில் ஏறுவது நிலத்தின் விலை. உங்கள் பங்குக்கு வருவது பிரிக்கப்படாத நிலப்பங்கு, அதாவது எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பொதுவான நிலத்தில் உங்களுக்குரிய பகுதி மட்டும். கட்டடம் ஆண்டுக்காண்டு தேய்ந்துகொண்டுதான் போகும். “வட்டிக்கு வரிச்சலுகை உண்டு” என்று வங்கியில் சொல்லியிருப்பார்கள். பழைய வரி முறையில் வீட்டு வருமான நஷ்டத்தை, அதாவது வாடகை வருமானத்தைவிடக் கூடுதலாகப் போகும் வட்டியை, ஆண்டுக்கு 2 லட்சம் வரை சம்பளத்தில் கழிக்கலாம். புதிய முறையில் அது கிடையாது. வட்டியை வாடகை வருமானத்தோடு மட்டும்தான் நேர்செய்ய முடியும். நீங்கள் எந்த முறையில் இருக்கிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள்.

அதே 17.40 லட்சத்துக்கு வேறு வழி ஒன்று இருக்கிறது. உங்கள் தனி வீடுகளில் ஒன்றின் மீது மாடி எடுங்கள். நிலத்துக்குக் காசு இல்லை, முத்திரைத் தீர்வை இல்லை. சதுர அடிக்கு 2,400 ரூபாய் என்றாலும் 600 சதுர அடிக்கு 14.40 லட்சம். மாதம் 9,000-க்கு விட்டால் முதலீட்டில் ஏழரை சதவீதம் வருகிறது. அடுக்குமாடியில் செலவு கழிப்பதற்கு முன்பே 3 சதவீதம்தான். அஸ்திவாரமும் தூண்களும் தாங்குமா என்பதைக் கட்டுமானப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். மேஸ்திரி சொல்வது போதாது. மாநகராட்சியின் வரைபட அனுமதி, மாடிக்குத் தனி மின் இணைப்பு, வெளிப்புறப் படிக்கட்டு இவை மூன்றையும் தொடக்கத்திலேயே திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். படிக்கட்டு வீட்டுக்குள்ளே இருந்தால் மாடிக்குக் குடித்தனக்காரர் கிடைப்பது கடினம்.

அண்ணாநகர், மதுரை

கேள்வி: நான்கு ஆண்டுகளாக ஒரே குடும்பம் 12,000 ரூபாய்க்கு இருக்கிறது. வாடகை ஒருமுறைகூடத் தவறியதில்லை. பக்கத்து வீடு 14,000-க்குப் போகிறது. நானும் உயர்த்தினால் என்ன?

பதில்: 2,000 உயர்த்தினால் ஆண்டுக்கு 24,000 கூடுதல். அவர்கள் காலி செய்துவிட்டால்? இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் 24,000 போச்சு. பட்டி பார்த்து வண்ணமடிக்க 15,000, தரகருக்கு ஒரு மாத வாடகை. மொத்தம் 51,000. உயர்த்திய வாடகையில் அதை ஈடுகட்ட இரண்டு ஆண்டுக்கு மேலாகும், அதுவும் புதிதாக வருபவர் ஒழுங்காகத் தந்தால். 600 அல்லது 700 ரூபாய் உயர்த்துங்கள். இனி ஆண்டுக்கு 5 சதவீதம் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். மொட்டைமாடியில் நீர்க்கசிவு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டுப் பிறகு பேசப் போங்கள். படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறியிருக்கும்போது வாடகையைக் கூட்டிக் கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

ஸ்ரீரங்கம், திருச்சி

கேள்வி: 11 மாத ஒப்பந்தம் என்றால் பதிவு செய்ய வேண்டாம் என்கிறார் பத்திரம் எழுதுபவர்.

பதில்: அது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தை வைத்துச் சொல்வது. 2019 பிப்ரவரி 22 முதல் நம் மாநிலத்தில் புதிய வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகார அமைப்பிடம் பதிவும் செய்ய வேண்டும். அதற்கென அரசு இணையதளமே இருக்கிறது. பிரச்சினை வந்து வழக்காடும்போதுதான் பதிவு எண்ணின் அருமை தெரியும்.

தாம்பரம்

கேள்வி: 12 ஆண்டு ஒரே ஆள் குடியிருந்தால் வீடு அவருக்கே சொந்தமாகிவிடுமா?

பதில்: ஆகாது. உங்கள் அனுமதியோடு, வாடகை கொடுத்துக் குடியிருப்பவர் எதிரிடை அனுபோகம் (நீண்ட காலம் கையில் இருந்ததாலேயே சொத்து தன்னுடையது என்பது) கொண்டாட முடியாது. ஒப்பந்தத்தையும் வாடகை வரவுக்கான வங்கிக் கணக்கு விவரத்தையும் பத்திரமாக வைத்திருங்கள். இந்தப் பயத்தால் நல்ல குடித்தனக்காரர்களைப் பத்தாவது ஆண்டில் கிளப்பிவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

திருப்பூர்

கேள்வி: நான்கு லைன் வீடுகளுக்கும் ஒரே மீட்டர். யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கிறேன். தினமும் சண்டை. ஒருவர் இரண்டு மாத வாடகையும் பாக்கி. அவருக்கு மட்டும் மின்சாரத்தை நிறுத்தலாமா?

பதில்: கூடவே கூடாது. மின்சாரம், தண்ணீர் போன்ற அடிப்படை வசதிகளை நிறுத்துவதைச் சட்டம் தடை செய்கிறது. நிறுத்தினால் நியாயம் அவர் பக்கம் போய்விடும். இரண்டு மாத வாடகை பாக்கி என்பதே வீட்டைத் திரும்பக் கேட்பதற்குச் சட்டம் ஏற்கும் காரணம். முதலில் எழுத்தில் அறிவிப்பு கொடுங்கள்.

சண்டைக்கு மருந்து வீட்டுக்கு ஒரு மீட்டர். இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் விலை கூடிவிடுகிறது. நான்கு குடும்பம் ஒரே மீட்டரில் ஓடினால் அந்த எல்லையைத் தாண்டாமல் எப்படி இருக்கும்? தனி இணைப்பு வாங்கினால் முதல் 100 யூனிட் சலுகை ஒவ்வொரு குடும்பத்துக்கும் கிடைக்கும். மீட்டருக்கு ஆகும் செலவை ஒருமுறை ஏற்றுக்கொள்ளுங்கள்.

வேளச்சேரி, சென்னை

கேள்வி: வீட்டை 8 லட்சத்துக்கு மூன்று வருட லீஸுக்கு விட்டு, அந்தப் பணத்தை முன்பணமாக வைத்து இன்னொரு வீடு வாங்க நினைக்கிறேன்.

பதில்: 8 லட்சமும் கடன்தான். வட்டிக்குப் பதிலாக வாடகையைக் கொடுக்கிறீர்கள். மூன்றாம் ஆண்டு முடிவில் அவர் பணத்தைக் கேட்கும்போது அது இன்னொரு வீட்டின் சுவருக்குள் இருக்கும். அப்போது அடுத்த லீஸ்காரரைத் தேடி ஓடுவீர்கள். அவர் ஏழு லட்சம்தான் தருவார் என்றால் மீதி ஒரு லட்சத்துக்குக் கைமாற்று. இதற்கிடையில் புதிய வீட்டுத் தவணை வேறு. லீஸ் பணத்தை வைப்பில் போட முடிகிறவர்கள் மட்டும் லீஸுக்கு விடுங்கள். நீங்கள் வாடகைக்கே விடுங்கள்.

ஷார்ஜா

கேள்வி: சென்னை வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன். குடித்தனக்காரர் வரி பிடித்துக்கொண்டுதான் தருவேன் என்கிறார்.

பதில்: அவர் செய்வது சரி. உரிமையாளர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் வாடகை எவ்வளவு சிறியதானாலும் பிடித்தம் உண்டு, பொதுவாக 31.2 சதவீதம். உள்நாட்டு உரிமையாளருக்குப் பொருந்தும் 50,000 ரூபாய் வரம்பும் 2 சதவீதமும் உங்களுக்குக் கிடையாது. குறைந்த விகிதத்துக்கான சான்றிதழை வருமான வரித் துறையில் கேட்டு வாங்கலாம். கூடுதலாகப் பிடித்ததைக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

நாகர்கோவில்

கேள்வி: மனைவி பெயரில் வாங்கினால் வாடகைக்கு வரி வராதாமே?

பதில்: பணம் உங்களுடையது என்றால் அந்த வாடகை உங்கள் வருமானத்தோடுதான் சேரும். பெண்கள் பெயரில் 10 லட்சம் வரையிலான சொத்தைப் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது. அது வேறு சலுகை.

குரோம்பேட்டை

கேள்வி: காலி செய்யும்போது வண்ணமடிக்க ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடிப்பது வழக்கம். இந்த முறை வந்தவர் சட்டம் பேசுகிறார்.

பதில்: வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் வெள்ளையடிப்பதும் கதவு, ஜன்னலுக்கு வண்ணம் பூசுவதும் உங்கள் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்சு, பூட்டு, உடைந்த கண்ணாடி ஆகியவை அவர் பொறுப்பு. பிடித்தம் போக மீதியை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். அடுத்து வருபவர் சாமான் இறக்கும் முன்பே ஒவ்வொரு அறையின் சுவரையும், கழிவறைப் பீங்கானையும், சமையல் மேடையின் விளிம்பையும் அவரை வைத்துக்கொண்டே கைப்பேசியில் படம் எடுத்து, அதே நாளில் அவருக்கும் அனுப்பிவிடுங்கள். மின் மீட்டர் அளவையும் அந்தப் படங்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.