சொல் விழும் இடம் – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஜாஸ் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வருடமாகக் கேட்டு வருகிறேன். பிடிபட்டுவிட்டது என்று சொல்லமாட்டேன், பயம் போய்விட்டது. கோல்ட்ரேன் சாக்ஸபோனில் எங்கே போகிறார், எப்போது திரும்புகிறார் என்பதை ஓரளவு பின்தொடர முடிகிறது.

பாட்டு வந்தால்தான் சிக்கல். நீங்கள் உயர்வாகச் சொன்ன ஜான் கோல்ட்ரேன் – ஜானி ஹார்ட்மன் ஆல்பத்தை நான்கு முறை கேட்டேன். நட்சத்திர ஹோட்டலின் வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. இனிமைதான், மறுக்கவில்லை. ஆனால் பாடகர் ஹார்ட்மன் பாட்டை அப்படியே பாடிவிட்டுப் போகிறார். நம் கச்சேரியில் பாடகருக்கு ஆலாபனை உண்டு, நிரவல் உண்டு, ஸ்வரம் உண்டு. பக்கவாத்தியம் அவர் பின்னால் வரும். ஜாஸில் தலைகீழாக, வாத்தியக்காரர்களுக்கு எல்லாச் சுதந்திரமும், பாடகருக்கு வெறும் மெட்டும் சொல்லுமா? பாடகர் வந்ததும் ஜாஸ் மெல்லிசையாகிவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தவறென்றால் திருத்துங்கள். பெரிய வாத்தியக் குழு இருந்தாலாவது கேட்க நிறைவாக இருக்கும். மூன்று நான்கு பேரை மட்டும் வைத்துக்கொண்டு ஏன் பாடுகிறார்கள் என்பதும் விளங்கவில்லை.

எஸ்.,
திருச்சி

அன்புள்ள எஸ்.,

ஹோட்டல் வரவேற்பறை என்று நீங்கள் எழுதியதைப் படித்துச் சிரித்துவிட்டேன். அந்த ஆல்பத்தை உண்மையாகவே அங்கே போடுகிறார்கள். நல்ல இசைக்கு நேரும் அவமானங்களில் இது சிறியதுதான், போகட்டும். குரல் தாழ்ந்து, வேகம் குறைந்து இருந்தால் பின்னணிக்கு ஏற்றது என்று யாரோ முடிவு செய்துவிடுகிறார்கள்.

நீங்கள் நான்கு முறை கேட்ட தட்டிலிருந்தே தொடங்குவோம். அது 1963 மார்ச் 7 அன்று நியூஜெர்சியில், ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவானது. பியானோவில் மெக்காய் டைனர், பாஸில் (தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பெரிய தந்திக்கருவி) ஜிம்மி காரிசன், டிரம்ஸில் எல்வின் ஜோன்ஸ். கோல்ட்ரேனையும் சேர்த்து இதே நால்வரும் முதல் நாள், மார்ச் 6 அன்று, அதே கூடத்தில் வாசித்த பதிவு ஒன்று பல பத்தாண்டுகள் காணாமல் போய், 2018ல் வெளியானது. அதைக் கேட்டுவிட்டு இதைக் கேளுங்கள். முந்தைய நாள் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனவர்கள், மறுநாள் தூங்கும் குழந்தை இருக்கிற அறைக்குள் நுழைவதுபோல நடக்கிறார்கள். எல்வின் ஜோன்ஸ் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, மெல்ல ஒலிக்கும் கம்பிப் பிரஷ்ஷை எடுத்திருக்கிறார். ஆட்கள் அவர்களேதான், ஒரு குரலுக்காகத் தங்களை அடக்கிக்கொள்கிறார்கள். இந்த அடக்கம் பயிற்சியில்லாமல் வராது.

அதில் ‘மை ஒன் அண்ட் ஒன்லி லவ்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாடகரின் ஆல்பம் என்று நினைத்துக் கேட்டால் அவரைக் காணவே காணோம். முதலில் கோல்ட்ரேன் முழுப் பாட்டையும் வாசிக்கிறார். ஏறக்குறைய பாதிப் பதிவு கடந்த பிறகுதான் ஹார்ட்மன் வாய் திறக்கிறார். அதற்குள் மெட்டு நம் காதில் உட்கார்ந்துவிட்டது. அடுத்த சொல் எங்கே வரவேண்டும் என்பது நமக்குத் தெரியும். அவர் அங்கே வருவதில்லை. ஒரு நூலளவு தாமதிக்கிறார், அல்லது இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்லிவிட்டு மூன்றாவதை மூச்சோடு நிறுத்திவைக்கிறார். அந்த இடைவெளியில் பியானோவின் ஒரு சுருதிக் கொத்து, ஒரே நேரத்தில் ஒலிக்கும் சில ஸ்வரங்கள், விழுகிறது. நீங்கள் தேடிய கற்பனை, ஸ்வரங்களின் எண்ணிக்கையில் இல்லை. சொல் விழும் இடத்தில் இருக்கிறது.

கச்சேரியோடு ஒப்பிட்டீர்கள் என்பதால் இதைச் சொல்கிறேன். நிரவலில் ஒரு வரியை ராகத்துக்குள் பல விதமாக விரிக்கலாம், ஆனால் எடுப்பு, அதாவது தாளத்தில் வரி தொடங்கும் இடம், மாறாது. எவ்வளவு தூரம் போனாலும் சரியாக அந்த இடத்தில் வந்து சேர்வதுதான் சாமர்த்தியம். சபை தலையசைப்பது அங்கேதான். ஜாஸ் பாட்டில் பெரும்பாலும் முப்பத்திரண்டு அளவு (பெரும்பாலும் நான்கு எண்ணிக்கை கொண்ட தாள அலகு) கொண்ட ஒரு சுற்று, எட்டெட்டாக நான்கு பகுதி. அதற்குரிய சுருதிக் கொத்துகள் வரிசை மாறாமல் ஓடிக்கொண்டே இருக்கும். மாறாதது அது மட்டும்தான். அதன்மேல் சொல்லை எங்கே வைப்பது என்பது ஒவ்வொரு முறையும் பாடகரின் முடிவு. ஆகவே கச்சேரிக் காதோடு ‘எங்கே வந்து சேர்கிறார்’ என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். எங்கே பிந்துகிறார் என்று காத்திருங்கள்.

இந்தப் பிந்தல், ட்ரம்பெட் வாசித்துப் பாடவும் செய்த லூயி ஆம்ஸ்ட்ராங்கிடமிருந்து வந்தது. பாடகி பில்லி ஹாலிடே அதைத் தன் இயல்பாக்கிக்கொண்டார். 1935ல், தனது இருபதாவது வயதில், பியானோக்காரர் டெடி வில்சன் கூட்டிய சிறு குழுக்களோடு அவர் பாடத் தொடங்கினார். ஜூக்பாக்ஸில் காசு போட்டுக் கேட்பவர்களுக்காகச் செய்த மலிவான தட்டுகள் அவை. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம். அதில் கிளாரினெட்டுக்கு ஒரு சுற்று, ட்ரம்பெட்டுக்குக் கொஞ்சம், பாடகிக்கு ஒரு சுற்று. அவ்வளவுதான் பங்கு. பாடகி அங்கே நட்சத்திரம் இல்லை, வரிசையில் தன் முறைக்காக நிற்கும் இன்னொரு வாத்தியம். நீங்கள் கேட்ட ‘தலைகீழ்’ அங்கிருந்து தொடங்குகிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

பில்லியின் குரல் எல்லை மிகக் குறுகியது, ஒரு ஸ்தாயிக்குக் கொஞ்சம் அதிகம். மேலே போகவேண்டிய மெட்டை அவர் அடித்துத் தட்டையாக்கி, இரண்டு மூன்று ஸ்வரங்களுக்குள் முடித்துவிடுவார். எஞ்சிய வேலை முழுவதும் காலத்தில். அவரோடு வாசித்த டெனர் சாக்ஸபோன்காரர் லெஸ்டர் யங், வரிகள் தெரியாத பாட்டை வாசிக்கக்கூடாது என்று நம்பியவர். சொற்களைத் தெரிந்துகொண்டு சொல்லில்லாமல் வாசிப்பவரும், சொல்லை வாத்தியம்போல வைப்பவரும் சந்தித்தால் என்ன ஆகும் என்பதை 1957 டிசம்பர் 8 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியில் பார்க்கலாம். யங் ஒரே ஒரு சுற்று, பன்னிரண்டு அளவு மட்டும் வாசிக்கிறார். அப்போது பில்லி பாடுவதில்லை, கேட்கிறார். அந்தக் காட்சியில் நான் பார்ப்பது அவர் முகத்தை மட்டும்தான். 1959ல் நான்கு மாத இடைவெளியில் இருவரும் இறந்தார்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. நான்கு பேர் எதற்கு? முப்பது நாற்பது வாத்தியங்கள் இருந்தால் எல்லாவற்றையும் முன்கூட்டியே தாளில் எழுதிவிட வேண்டும். பாடகி ஒரு சொல்லைப் பிடித்து நிறுத்தினால் வயலின் வரிசை நிற்காது, எழுதியபடி போய்விடும். அவர் அந்த ஓட்டத்துக்குள் தன்னைப் பொருத்திக்கொள்ள வேண்டும். சிறு குழுவில் பியானோக்காரர் காத்திருப்பார். காத்திருக்கத் தெரிந்தவரைத்தான் பாடகர்கள் தேடிப் பிடிப்பார்கள். (விதிவிலக்கு உண்டு. பில்லியின் கடைசிக் கால ‘லேடி இன் சாட்டின்’, 1958, வயலின் படையோடு பாடியது. உடைந்துபோன அந்தக் குரலுக்கும் மெழுகு பூசிய அந்த வயலின்களுக்கும் ஒட்டவே ஒட்டாது. ஒட்டாததால்தான் நெஞ்சைப் பிசைகிறது.)

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 1954 டிசம்பர். நியூயார்க்கில் எம்ஆர்சி என்ற நிறுவனத்துக்காக, சில நாட்கள் இடைவெளியில் இரண்டு பாடகிகள் ஆளுக்கொரு ஆல்பம் பதிவு செய்தார்கள்: சாரா வான், ஹெலன் மெரில். இரண்டிலும் ட்ரம்பெட் கிளிஃபர்ட் பிரவுன், வயது இருபத்து நான்கு. இரண்டிலும் பியானோ ஜிம்மி ஜோன்ஸ். பரிசோதனைக்கூடத்தில் வைத்துச் செய்தாலும் இவ்வளவு சுத்தமான ஒப்பீடு கிடைக்காது.

சாரா வான் எதையும் பாடக்கூடியவர். அடித்தொண்டையிலிருந்து மேல்ஸ்தாயிவரை படிக்கட்டே தெரியாமல் ஏறுவார். ஏறமுடியும் என்பதாலேயே சில இடங்களில் ஏறுகிறார் என்று எனக்கு ஒரு சின்னக் குறை உண்டு, ரசிகர்கள் மன்னிக்கவும். அவருக்குப் பின்னால் பிரவுன் அகலமாக, வெயிலடிப்பதுபோல வாசிக்கிறார். இருவரும் சமபலம் உள்ளவர்கள், ஒருவரையொருவர் தூக்கிவிடுகிறார்கள். ‘லல்லபை ஆஃப் பேர்ட்லேண்ட்’ பாட்டில் சாரா சொற்களை விட்டுவிட்டு வெறும் ஒலிகளால் பாடும்போது, குழுவில் ஒரு காற்றுக்கருவி கூடிவிட்டதுபோல இருக்கும்.

ஹெலன் மெரிலிடம் அந்த வலிமை கிடையாது. இருபதுகளில் இருந்த அவருக்கு அது முதல் ஆல்பம். மூச்சும் புகையும் கலந்த குரல், மைக்கை ஒட்டி, பக்கத்திலிருப்பவருக்கு மட்டும் சொல்வதுபோல. வாத்தியங்களுக்கான அமைப்பை எழுதியவர் குவின்சி ஜோன்ஸ், அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. குரல் பெரிதாகாது என்று தெரிந்துகொண்டு அவர் சுற்றிலும் இடம் விட்டிருக்கிறார். பிரவுனோ சுருங்கிப்போகாமல் நேர்மாறாகச் செய்கிறார்: அவள் சொல்லாமல் விட்டதை உரக்கச் சொல்கிறார். ‘யூட் பி ஸோ நைஸ் டு கம் ஹோம் டு’ பாட்டில் அவள் முடித்ததும் அவர் நுழையும் இடத்தைக் கேளுங்கள். சில நாட்களுக்கு முன்பு வேறொருத்தியோடு வாசித்த அதே மனிதர்தான். 1956 ஜூனில், பென்சில்வேனியாவில் ஒரு கார் விபத்தில், இருபத்தைந்து வயதில் இறந்துபோனார்.

மிருதங்கம் வாசிக்கும் நண்பர் ஒருவருக்கு ‘எல்லா அண்ட் லூயி’ ஆல்பத்தைப் போட்டுக் காட்டினேன். 1956 ஆகஸ்ட் 16, ஒரே நாளில் பதினொரு பாட்டு; பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், லூயி ஆம்ஸ்ட்ராங், பியானோக்காரர் ஆஸ்கர் பீட்டர்சனின் மூவர் குழு, கூட டிரம்ஸுக்கு பட்டி ரிச். நண்பர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, “தாளம் யார் கையில் இருக்கிறது? டிரம்ஸ்காரர் கையில் இல்லையே” என்றார். சரியாகப் பிடித்துவிட்டார். அது அந்த மூவரில் ஒருவரான ரே பிரவுனின் பாஸில் இருக்கிறது, எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரமாக நடந்துகொண்டே இருக்கும். அந்த நடை உறுதியாக இருப்பதால்தான் மேலே இருப்பவர்கள் பிந்தி விளையாட முடிகிறது. பாடகரும் பியானோக்காரருமான நாட் கிங் கோலின் மூவர் குழுவில் டிரம்ஸே கிடையாது. பியானோ, கிட்டார், பாஸ் மட்டும்.

உங்களுக்கு அடுத்ததாக நான் சொல்வது ஷெர்லி ஹார்ன். வாஷிங்டன்காரர். தானே பியானோ வாசித்துக்கொண்டு பாடுவார், ஆகவே காத்திருக்க இன்னொருவரை நம்பவேண்டியதில்லை. இவ்வளவு மெதுவாகப் பாடுகிறவரை நான் கேட்டதில்லை. இரண்டு சொற்களுக்கு நடுவே எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். அந்த வேகத்தில் டிரம்ஸ் வாசிப்பது ஓட்டப் பந்தயத்தைவிடக் கடினம், ஏனென்றால் அடிகளுக்கு நடுவே பிடித்துக்கொள்ள ஒன்றுமே இருக்காது. 1960ல் அவருடைய முதல் தட்டைக் கேட்ட ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸ், நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் ஜாஸ் கிளப்பில் தன் நிகழ்ச்சிகளுக்கு முன்னால் அவரைப் பாடவைத்தார். பிறகு ஷெர்லி மகளை வளர்ப்பதற்காக ஊரோடு தங்கிவிட்டார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1991ல் வெளிவந்த ‘யூ வோன்ட் ஃபர்கெட் மீ’ ஆல்பத்தின் தலைப்புப் பாடலில் மைல்ஸ் வந்து ட்ரம்பெட் வாசித்தார். பாடகர்களுக்குப் பக்கம் வாசிக்கிற வழக்கமே இல்லாதவர். அந்த ஆண்டு செப்டம்பரில் மறைந்தார். இரண்டு பேரும் மௌனத்தை எவ்வளவு நேரம் தாங்கமுடியும் என்று போட்டிபோடுவது போன்ற பாட்டு அது.

இவ்வளவு சொல்லியும் ‘ஆனால் பாடகருக்கு ஆலாபனை எங்கே’ என்று நீங்கள் பிடிவாதம் பிடித்தால், பாடகி பெட்டி கார்ட்டரிடம் அனுப்பிவைக்கிறேன். ‘தி ஆடியன்ஸ் வித் பெட்டி கார்ட்டர்’, 1979 டிசம்பரில் சான்ஃபிரான்சிஸ்கோ அரங்கு ஒன்றில் பதிவாகி, அவரே நடத்திய நிறுவனத்தில் வெளிவந்தது. பியானோ, பாஸ், டிரம்ஸ் மட்டும். முதல் உருப்படியே இருபத்தைந்து நிமிடம், பெரும்பாலும் சொல்லே கிடையாது. இதைக் கேட்டுவிட்டு மெல்லிசை என்று எழுதினால் உங்கள் கடிதத்தைப் பிரசுரிக்கமாட்டேன். அந்தச் சொல்லில்லாப் பாட்டை நம் கல்பனை ஸ்வரத்தோடு சேர்த்துப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அது அரைகுறைப் பொருத்தம். நாம் ‘க’ என்றால் அது காந்தாரம். பெயரும் ஒலியும் ஒன்று. அவர்களுடைய ஒலிகளுக்குப் பெயரும் இல்லை, பொருளும் இல்லை. ஊதுகருவியின் நாக்கைத் தொண்டையில் செய்துகாட்டும் வித்தை அது.

ஆல்பம் ஆல்பமாகக் கேட்பதைக் கொஞ்சநாள் நிறுத்திவையுங்கள். ஒரே பாட்டை மூன்று பேரிடம் கேளுங்கள். கெர்ஷ்வின் சகோதரர்களின் ‘எம்ப்ரேஸபிள் யூ’, 1930ல் மேடை நாடகத்துக்காக வந்த பாட்டு, சுலபமான மெட்டு. முதலில் நாட் கிங் கோல் மூவர் குழு. அங்கே மெட்டை மனப்பாடம் செய்துகொள்ளலாம், உச்சரிப்பு அவ்வளவு துல்லியம். பிறகு பில்லி ஹாலிடே 1944ல் பாடியது. கடைசியாக, நான் மேலே சொன்ன 1954 டிசம்பர் ஆல்பத்தில் சாரா வான். பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டு, முதல் எட்டு அளவுக்குள் மூன்று பேரும் எந்தச் சொல்லை நீட்டுகிறார்கள், எதை விழுங்குகிறார்கள் என்று குறித்து அனுப்புங்கள். நானும் குறித்து வைத்திருக்கிறேன். பில்லியின் விஷயத்தில் ஒரு சொல் எனக்கு இன்னும் சந்தேகம்.

அன்புடன்.