விறைப்புக் குறைபாட்டுக்குக் காரணம் உடம்பா மனசா? எந்த டெஸ்ட்டில் தெரியும்?

உங்களுக்கு வயது 42. ஏழெட்டு மாதமாக விறைப்பு பாதியிலேயே தளர்ந்துவிடுகிறது. நேராக ரத்த ஓட்டத்தை அளக்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் காரணம் தெரிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு ஸ்கேன் வேண்டாம். பெரும்பாலானவர்களுக்குச் சரியாகக் கேட்கப்படும் சில கேள்விகளிலும், காலையில் எடுக்கும் சில ரத்தப் பரிசோதனைகளிலுமே காரணம் பிடிபட்டுவிடும்.

முதலில் எது நடக்கவில்லை என்று பிரித்துப் பாருங்கள். ஆசையே எழவில்லையா? ஆசை இருந்தும் விறைக்கவில்லையா? விந்து சீக்கிரம் வெளியேறி, அதனால் தளர்கிறதா? மூன்றையும் 'ஆண்மைக்குறைவு' என்று ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனால் மருந்து தப்பாகத்தான் கிடைக்கும். ஆசை இல்லையென்றால் ஹார்மோன், மனச்சோர்வு பக்கம் தேட வேண்டும். மூன்றாவது விந்து முந்துதல். ஆனால் தளர்ந்துவிடுமோ என்ற பயத்தில் அவசரப்படுகிறவருக்கும் விந்து முந்தும். அவருக்கு முதலில் விறைப்பைத்தான் சரிசெய்ய வேண்டும். இரண்டாவது வகை, 3 மாதமாவது தொடர்ந்தால்தான் விறைப்புக் குறைபாடு. அலுத்துப்போய் இரண்டு ராத்திரி சொதப்பியதெல்லாம் கணக்கில் வராது.

அடுத்த கேள்விதான் முக்கியம்: காலை விறைப்பு எப்படி இருக்கிறது? ஆரோக்கியமான ஆணுக்குத் தூக்கத்தில், பெரும்பாலும் கனவு வரும் கட்டங்களில், 3 முதல் 5 முறை தானாக விறைக்கும். விழிக்கும்போது இருப்பது அதில் கடைசி. படுக்கையறைப் பதற்றம் அந்த நேரத்தில் குறுக்கே வராது. அதனால் காலை விறைப்பு பழையபடி உறுதியாக இருந்து, சுயஇன்பத்திலும் சிக்கல் இல்லாமல், மனைவியோடு மட்டும் தளர்கிறது, அதுவும் திடீரென்று தொடங்கியது என்றால் ரத்தக்குழாயும் நரம்பும் ஒழுங்காக வேலை செய்கின்றன. பதற்றத்தில் அட்ரினலின் சுரந்தால் ஆண்குறியின் உள்தசை சுருங்கி, வந்த ரத்தம் வடிந்துவிடும். அங்கே நடப்பது அதுதான். மாறாக, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, காலை விறைப்பும் மெலிந்து, எந்தச் சூழலிலும் ஒரே மாதிரி இருந்தால் உடம்பில் தேட வேண்டும். இதிலும் விதிவிலக்கு உண்டு. குறட்டையோடு மூச்சடைப்பு உள்ளவர்களுக்கும், மனச்சோர்வில் தூக்கம் கெட்டவர்களுக்கும் ரத்தக்குழாய் நன்றாக இருந்தும் காலை விறைப்பு போய்விடலாம். நாற்பதைத் தாண்டியவர்களில் நிறையப் பேருக்கு இரண்டும் கலந்தே இருக்கும்: உடம்பு கொஞ்சம் குறைக்கும், பயம் மிச்சத்தைக் கெடுக்கும்.

மருத்துவர் 5 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் தரலாம். மொத்தம் 25. 22-ம் அதற்கு மேலும் என்றால் குறைபாடு இல்லை, 7-ம் அதற்குக் கீழும் கடுமை. எவ்வளவு என்பதை அது சொல்லும், ஏன் என்பதைச் சொல்லாது.

மாத்திரைப் பையையும் எடுத்துப் போங்கள். ரத்த அழுத்தத்துக்கான அட்டெனலால், புரோப்ரனலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள், தயசைடு வகை நீர் மாத்திரைகள், ஸ்பைரனோலாக்டோன், மனச்சோர்வுக்கான செர்ட்ராலின், பாராக்செடின், மனநோய்க்கான ரிஸ்பெரிடோன், முடி கொட்டுவதற்கான ஃபினாஸ்டிரைடு எல்லாமே விறைப்பையோ ஆசையையோ குறைக்கக்கூடும். மாத்திரை தொடங்கிய மாதமும் பிரச்சினை தொடங்கிய மாதமும் ஒட்டி வருகிறதா என்று பாருங்கள். ஒட்டி வந்தாலும் நீங்களாக நிறுத்தக் கூடாது. பீட்டா பிளாக்கரைச் சட்டென்று விட்டால் இதயத்துக்கு ஆபத்து. மாற்று மாத்திரை கேளுங்கள்.

இனி ரத்தம். வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), கொழுப்பு அளவுகள், கிரியாட்டினின், தைராய்டு. எச்பிஏ1சி 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் வந்தால் சர்க்கரை நோய். பலருக்கு அது முதன்முதலில் தெரியவருவதே இந்தப் புகாரோடு போகும்போதுதான். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனில்தான் அதிகம் தவறு நடக்கிறது. ஆபீஸ் முடிந்து சாயங்காலம் லேபுக்குப் போய்க் கொடுத்தால் அளவு இயல்பாகவே குறைந்து காட்டும். காலை 7-லிருந்து 11-க்குள், வெறும் வயிற்றில், காய்ச்சல் இல்லாத நாளில் கொடுக்க வேண்டும். டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே வந்தால் இன்னொரு நாள் காலையில் மறுபடி பார்க்காமல் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். குழந்தை வேண்டும் என்றால் இன்னும் கவனம், அந்த ஊசி விந்தணு உற்பத்தியையே அடக்கிவிடும். இரண்டாவது முறையும் குறைவு என்றால் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோன்களான எல்எச், புரோலாக்டின் பார்ப்பார்கள். புரோலாக்டின் மிக அதிகமாக இருந்தால் பிட்யூட்டரி கட்டிக்காக எம்ஆர்ஐ.

இதயத்தைப் பற்றியும் கேட்பார்கள், எரிச்சல்படாதீர்கள். ஆண்குறியின் தமனி 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத் தமனி 3 முதல் 4. ஒரே கொழுப்புப் படிவு சின்னக் குழாயைத்தான் முதலில் அடைக்கும். நெஞ்சுவலி வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே விறைப்பு குறைவது அதனால்தான். புகைபிடிக்கிறவர், ரத்த அழுத்தம் உள்ளவர், இடுப்பு பெருத்தவர் ஆகியோருக்கு இது இன்னும் பொருந்தும்.

உடைகளைக் களையச் சொல்லி மருத்துவர் பார்க்க வேண்டும். விதைகளின் அளவு, மார்பு வீக்கம், குறியில் கெட்டித்த தழும்பு, கால் நாடி, ஆசனவாயைச் சுற்றி உணர்ச்சி. அந்த இடம் மரத்துப்போய் சிறுநீரும் சரியாகப் போகவில்லை என்றால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அது முதுகுத்தண்டு விவகாரம்.

லாட்ஜில் முகாம் போடும் வைத்தியர்கள் சின்ன வயதுச் சுயஇன்பம்தான் காரணம் என்பார்கள். அது காரணமே இல்லை. அவர்களைப் போன்றவர்கள் விற்கும் 'மூலிகை'ப் பொடிகள் சிலவற்றில் சில்டெனாஃபில் (வயாகராவில் இருக்கும் மருந்து) கலந்திருப்பது ஆய்வகங்களில் பிடிபட்டிருக்கிறது. இதயத்துக்காக சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் அதைத் தின்றால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

மருத்துவரே சில்டெனாஃபில் எழுதித் தரலாம், வழக்கமாக 50 மில்லிகிராம். பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போட்டால் தாமதமாகத்தான் ஏறும். உறவுக்கு ஒரு மணி நேரம் முன்பு, வயிறு காலியாக இருக்கும்போது போட வேண்டும். கிளர்ச்சி இல்லாமல் அது தானாக வேலை செய்யாது. ஆறேழு முறையாவது முயலாமல் பலிக்கவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. பலித்துவிட்டதால் காரணம் மனசுதான் என்றும் ஆகிவிடாது. இரண்டு வகைக்கும் அது கேட்கும்.

முழு அளவிலும் மாத்திரை பலிக்காதவர், விபத்தில் இடுப்பெலும்பு அடிபட்ட இளைஞர், வளைந்த குறிக்கு அறுவைக்குப் போகிறவர்: டாப்ளர் இவர்களுக்குத்தான். குறியில் விறைப்பை உண்டாக்கும் ஆல்ப்ரோஸ்டாடில் அல்லது பாப்பாவெரின் ஊசி போட்டு, 20 நிமிடம் வரை ரத்த வேகத்தை அளப்பார்கள். ஊசி போடாமல் எடுத்த ரிப்போர்ட்டை வைத்து இதில் எதுவும் சொல்ல முடியாது. இதயம் சுருங்கும்போது வேகம் வினாடிக்கு 25 செ.மீ.க்குக் கீழே என்றால் தமனியில் குறை; 35-க்கு மேல் இயல்பு. தமனி வேகம் நன்றாக இருந்தும், இதயம் விரியும்போது 5-க்கு மேலேயே நின்றால் 'வீனஸ் லீக்', அதாவது சிரை வழியாக ரத்தம் கசிகிறது என்று எழுதுவார்கள். அந்த வார்த்தையைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். குளிரூட்டிய அறையில், அறிமுகமில்லாதவர் முன்னால், பயத்தோடு படுத்திருப்பவருக்குத் தசை முழுதாகத் தளராது. லீக் இல்லாமலே லீக் போலத் தெரியும். ஊசியில் இரண்டாவது டோஸ் கொடுத்தார்களா, எந்த அளவுக்கு விறைத்தது என்று ரிப்போர்ட்டில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அதை வைத்து அறுவைக்குச் சம்மதிக்காதீர்கள். ஊசிக்குப் பின் விறைப்பு 4 மணி நேரம் ஆகியும் இறங்கவில்லை என்றால், ராத்திரி எத்தனை மணியானாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். தாமதித்தால் உள்தசை நிரந்தரமாகக் கெட்டுவிடும்.