ஜீப்பில் வைத்துக் கேட்டால்?

மனநல ஆலோசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

கேள்வி: எனக்கு வீடு கம்பம்; வேலை கேரளப் பக்கம் குமுளியில் ஒரு கவுன்சிலிங் மையத்தில். ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் என்னிடம் வருகிறார். போன வாரம், "மருந்தைக் குடிச்சிரலாம்னு வருது மேடம். வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியக் கூடாது" என்றார். நான் தினமும் போகும் ஜீப்பை ஓட்டுவதே அவர் கணவர்தான். "நம்ம வீட்ல என்ன சொல்றாங்க மேடம்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்கிறார். சொல்வதா, மறைப்பதா?
- பெயர் வேண்டாம், கம்பம்

பதில்: கணவருக்கு என்ன சொல்வது என்பது அப்புறம். முதலில் அந்த மருந்து. அது வீட்டில் இருக்கிறதா, தோட்டத்து ஸ்டோரிலா? அவர் கைக்கு எட்டுமா? என்றைக்கு என்று நினைத்திருக்கிறாரா? முன்பு முயன்றிருக்கிறாரா? நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வளராது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்று நெஞ்சு கொஞ்சம் இளகும். மருந்தும் கையில், நாளும் குறித்தாயிற்று என்றால் அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, பக்கத்தில் இருக்கும் மனநல மருத்துவரிடமோ அன்றே கூட்டிப் போங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண் (டெலி மானஸ்) மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான், தமிழில் பேசலாம்.

அடுத்து, கணவருக்கு ஏன் தெரியக் கூடாது? அடிக்கிற மனிதர் என்றால், அவரிடம் சொல்வதே இன்னொரு ஆபத்து. "யாருகிட்ட சொன்னா உங்களுக்குப் பயமில்ல?" என்று அக்காவையே கேளுங்கள். தங்கச்சி, அம்மா, பக்கத்து வீட்டுப் பெண், யாராவது ஒரு பெயர் வரும். அவர் எதிரிலேயே அந்த ஆளிடம் பேசுங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23வது பிரிவு ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் அதைத் தடுக்கத் தேவையான அளவு மட்டும் சொல்லவும் விடுகிறது. "இவங்களைத் தனியா விடாதீங்க, மருந்தை அப்புறப்படுத்துங்க" என்பது அந்த அளவு. வீட்டுச் சண்டை, கடன் கதை எல்லாம் அதில் சேராது. அவர் சம்மதிக்காமல் சொல்ல நேர்ந்தால்கூட, "இதைச் சொல்லப் போறேன்" என்று முதலில் அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயப்படுவார். அதே சட்டத்தின் 115வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் பார்க்கச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. அதைப் புரியும்படி எடுத்துச் சொல்லுங்கள்.

ஜீப்பில் கேட்டால் ஒரே பதில்: "அண்ணே, யார் வந்தாங்க, என்ன பேசினாங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்றதில்ல. நாளைக்கு நீங்களே வந்து பேசினாலும் அப்படித்தான்." கொஞ்ச நாளைக்கு லோயர் கேம்ப் வழி பஸ்ஸில் போய்வாருங்கள். உங்கள் போக்குவரத்து அவர் கையில் இருக்கும்போது அக்காவுக்கு எப்படி நம்பிக்கை வரும்? "உங்க வீட்டுக்காரர் வண்டியிலதான் வந்துக்கிட்டிருந்தேன், வேற ஆளைப் பார்க்கணும்னா ஏற்பாடு பண்றேன்" என்று வெளிப்படையாகச் சொல்லி, முடிவை அவரிடம் விடுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். உங்கள் மையத்து ஒப்புதல் படிவம் மலையாளத்தில் இருக்கிறதா? தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர் அதில் போட்ட கையெழுத்தைச் சம்மதம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எது ரகசியம், எப்போது ரகசியத்தை மீற வேண்டிவரும் என்பதை முதல் நாளே தமிழில் வாயால் சொல்லியிருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் அடுத்த சந்திப்பில் சொல்லுங்கள். பெயர் சொல்லாமல் ஒரு மூத்த ஆலோசகரிடம் கலந்து பேசுங்கள். அக்கா சொன்னதையும் நீங்கள் செய்ததையும், ஏன் அப்படிச் செய்தீர்கள் என்பதையும் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

கேள்வி: என்னிடம் வருபவர் ஒரு கிலோ ஏலக்காய் கொடுத்தார். வாங்கலாமா?
- வண்டன்மேடு

பதில்: டீக்குப் போட நாலு காய் என்றால் அன்பாக வாங்கிக்கொள்வேன். கிலோ என்பது அவருக்குப் பல நாள் கூலி. "அடுத்த வாரம் நீங்க வந்தாலே போதும்" என்று திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பள்ளி ஆலோசகராக இருக்கிறேன். பத்தாம் வகுப்பு மாணவி, வீட்டிலிருக்கும் மாமா தப்பாக நடக்கிறார் என்று அழுதாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். தலைமையாசிரியரோ பள்ளிக்கூடத்துப் பெயர் கெட்டுவிடும் என்கிறார்.

பதில்: இதில் யோசிக்க இடமே இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19வது பிரிவுப்படி தகவல் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. தலைமையாசிரியர் அனுமதி தேவையில்லை. கொடுத்த வாக்கை அந்தப் பிள்ளையிடமே திரும்ப வாங்குங்கள்: "சொல்ல மாட்டேன்னு சொன்னேன். உன்னைக் காப்பாத்தணும்னா சொல்லித்தான் ஆகணும்." அதன் பிறகு குழந்தைகள் உதவி எண் 1098க்கோ போலீசுக்கோ பேசுங்கள். யூனிஃபார்ம் போடாத போலீஸ்தான் வருவார், முடிந்தவரை பெண் அதிகாரி; அவள் விரும்பும் இடத்தில் வாக்குமூலம் கொடுக்கலாம், ராத்திரியில் ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. இதையெல்லாம் முன்கூட்டியே அவளுக்குச் சொன்னால் பாதி நடுக்கம் குறையும். அவள் தமிழில் பேசுகிற பிள்ளை. மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்குங்கள், அவள் சொன்ன சொல் மாறக் கூடாது. இன்றைக்கு மாலை மாமா இருக்கும் வீட்டுக்கு அவளை அனுப்புவதா என்பதைப் பள்ளி மணி அடிப்பதற்குள் குழந்தைகள் நலக் குழுவிடம் பேசி முடிவு செய்யுங்கள்.