மனநெருக்கடியில வீட்டுக்கு வர்ற டீம்ல யார் இருக்கணும், எவ்ளோ ட்ரெயினிங் வேணும்?

அமெரிக்கால போலீசுக்குப் பதிலா மனநல டீம் அனுப்புறாங்களாமே, அதுல யார் வருவாங்க, அவங்களுக்கு என்ன தகுதின்னு கேட்டிருக்கீங்க. நான் ஒரிகான்ல எமர்ஜென்சி நர்ஸ், இந்த டீம் கூட்டிட்டு வர்றவங்களையும் பாத்திருக்கேன், கைவிலங்கோட வர்றவங்களையும் பாத்திருக்கேன்.

முதல்ல ஒண்ணு, போலீசுக்கு க்ளாஸ் எடுக்கறது வேற, இந்த டீம் வேற. மெம்பிஸ்ல 1987ல கத்தியோட நின்ன, மனநோய் இருந்த ஒரு பையனை போலீஸ் சுட்டு, அவர் இறந்துட்டாரு, அதுக்கப்புறம் 1988ல வந்ததுதான் CIT (Crisis Intervention Team), அதாவது மனநெருக்கடியில இருக்கறவங்களைக் கையாள போலீசுக்கே குடுக்கற 40 மணி நேர பயிற்சி. நல்ல பயிற்சிதான், ஆனா கதவைத் தட்டுறது இன்னமும் யூனிஃபார்மும் துப்பாக்கியும்தான்.

எங்க மாநிலத்துலயே யூஜீன்ங்கற ஊர்ல 1989ல கஹூட்ஸ்னு (CAHOOTS) ஒரு மனநெருக்கடி டீம் ஆரம்பிச்சாங்க. ஒரு வேன், ரெண்டு பேர். ஒருத்தர் நர்ஸ் இல்லனா ஈஎம்டி (ஆம்புலன்ஸ்ல அவசர முதலுதவி பண்றவங்க), இன்னொருத்தர் க்ரைசிஸ் வொர்க்கர், அதாவது நெருக்கடியில இருக்கறவங்ககிட்ட பேசி உதவறவங்க. மெடிக்கல் ஆள் எதுக்குன்னு தோணும், சுகர் ரொம்ப இறங்குனா மனுஷன் உளறுவான், அடிக்க வருவான், வயசானவங்களுக்கு யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்தாலே ஆளே மாறிடுவாங்க, தலையில அடிபட்டவனும் குடிச்சவன் மாதிரிதான் தெரிவான், இதெல்லாம் "பைத்தியம்"னு முத்திரை குத்திட்டா உயிரே போயிடும். அங்க புதுசா சேர்ந்தவங்களுக்கு 500 மணி நேரத்துக்கு மேல ட்ரெயினிங் குடுத்தாங்க, அதுல பெரும்பகுதி அனுபவசாலிகளோட வேன்லயே.

அது ஏன் முக்கியம்னா, ஒரு தமிழ் அம்மா சொன்னதை மறக்க முடியல. பையன் ரூமைப் பூட்டிட்டு ரெண்டு நாளா சாப்பிடல, வந்த டீம்ல ஒருத்தர் கதவைத் தட்டவே இல்லயாம். "வெளிய தரையில உக்காந்துட்டு முக்கா மணி நேரம் பேசுனாங்க சிஸ்டர், அவனே தொறந்தான்"னாங்க. முக்கா மணி நேரம் அவசரப்படாம உக்கார்றதை ஸ்லைடு போட்டு சொல்லித்தர முடியாது, பக்கத்துல இருந்து பாத்துதான் வரும்.

2021ல வந்த மத்திய சட்டப்படி, மாநிலத்துக்கு மெடிகெய்ட்ல (வருமானம் கம்மியா இருக்கறவங்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) கூடுதல் பணம் வேணும்னா டீம்ல குறைஞ்சது ரெண்டு பேர் இருக்கணும், அதுல ஒருத்தராவது நோயாளியை மதிப்பீடு பண்ணத் தகுதியான மனநல நிபுணரா இருக்கணும், 24 மணி நேரமும் சேவை இருக்கணும். பதட்டத்தைத் தணிக்கற பயிற்சியும் கட்டாயம். ரெண்டாவது ஆளா பீர், அதாவது தானே இந்த நோய்ல விழுந்து எழுந்து வந்தவங்களையும் போடலாம். என் கருத்துல அவங்க கட்டாயம் வேணும், "நானும் இப்படி இருந்தேன்"னு அவங்க சொல்றதை நான் எத்தனை டிகிரி வச்சிருந்தாலும் சொல்ல முடியாது.

ஆனா எல்லாம் தடுக்கி விழற இடம் ஆள் பலம். வாரத்துக்கு 168 மணி நேரம், ஒருத்தர் 40 மணி நேரம் வேலை பாத்தா ஒரு சீட்டை நிரப்பவே நாலு பேருக்கு மேல வேணும், ரெண்டு சீட்டுக்கு எட்டு ஒம்போது பேர், லீவு, உடம்பு சரியில்லாதது, ட்ரெயினிங் நாள் எல்லாம் சேத்தா பத்து பதினோரு பேர், இது ஒரே ஒரு வேனுக்கு! சம்பளம் கம்மி, ராத்திரி ஷிஃப்ட், மனசுக்கு பாரம், ட்ரெயினிங் முடிச்சவங்க வேற வேலை கிடைச்சதும் போயிடறாங்க. 35 வருஷம் ஓடின கஹூட்ஸே பணம் இல்லாம 2025 ஏப்ரல்ல யூஜீன்ல நின்னு போச்சு, அந்த வாரம் எங்க வார்டுல யாரும் சரியா பேசிக்கவே இல்ல. அதனால உங்க ஊர்ல டீம் இருக்குன்னு சொன்னா ராத்திரி 3 மணிக்கு வருவாங்களா, எத்தனை பேர் வருவாங்கன்னு கேளுங்க.

அமெரிக்கால இருக்கற நம்ம ஆளுங்களுக்கு, 988க்கு (மனநெருக்கடி, தற்கொலை எண்ணத்துக்கான உதவி எண்) ஃபோன் பண்ணி "மொபைல் டீம் இருக்கா"ன்னு கேளுங்க, அப்பா அம்மாவுக்கு இங்கிலீஷ் வரலன்னா தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும்னு கேளுங்க. வீட்ல துப்பாக்கி, கத்தி ஏதாவது நெருக்கடியில இருக்கறவங்க கைக்கு எட்டற மாதிரி இருந்தா அதை மறைக்காம முதல்லயே சொல்லிடுங்க.