எஞ்சின் சத்தமா, சில்லில் துருவா?

துணிக்கூரை போட்ட இரண்டு சீட் கார், பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்குவது பற்றி பிரிட்டனிலிருந்து வந்த கேள்விகள்.

கே: ஒரே விலையில் இரண்டு வண்டி. 1996 மாடலில் எஞ்சின் டிக்டிக் என்கிறது, கிளட்ச் ஆயில் ஒழுகுகிறது, டைமிங் பெல்ட் மாற்றிய பில் இல்லை. 2001 மாடல் ஓட்டக் கச்சிதம். பின்சக்கரத்துக்கு முன்னால், சில்லில் (கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு) மட்டும் பெயின்ட் கொப்பளித்திருக்கிறது. எதை எடுக்க?

ப: அடிப்பக்கம் சுத்தமென்றால் 96தான். அந்தச் சத்தம் பெரும்பாலும் ஹைட்ராலிக் லிஃப்டர், வால்வைத் தள்ளும் சின்னப் பாகம். ஆயில் மாற்றினாலே பல வண்டிகளில் அடங்கிவிடும். (எஞ்சினின் அடியிலிருந்து கனமாக இடிக்கும் சத்தம் வந்தால் அது வேறு கதை.) ஒழுகுவது அநேகமாகக் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர், மலிவான சாமான். அந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதாது. ஆனாலும் வாங்கிய கையோடு புதிது போட்டுவிடுங்கள்.

கொப்புளம்தான் வில்லங்கம். துணிக்கூரையில் விழும் மழைநீர் குழாய் வழியே இறங்கி, சில் பக்கமாக வெளியேற வேண்டும். சருகு அடைத்தால் நீர் தேங்கி, துரு உள்ளிருந்து வெளியே வரும். பெயின்ட் கொப்பளிக்கும் நேரத்தில் உள்தகடு போயே போயிருக்கலாம். கூரையில்லாத வண்டிக்குச் சில்தான் முதுகெலும்பு. வெட்டிப் பார்க்கும்வரை வெல்டிங்காரருக்கே செலவு தெரியாது. 98 வாக்கில் வந்த இரண்டாம் தலைமுறையில் முன்பக்க சேசிஸ் ரெயிலும் (வண்டியடியில் நீளவாக்கில் ஓடும் சட்டம்) அரிக்கும். இரட்டைத் தகடு என்பதால் நடுவில் நடப்பது கண்ணுக்குத் தெரியாது.

கே: போன மாதம்தான் எம்ஓடி (பிரிட்டனின் வருடாந்திர வாகனச் சோதனை) பாஸ். அது போதாதா?

ப: போதாது. சோதிப்பவர் எதையும் கழற்றிப் பார்ப்பதில்லை. நம்பர் பிளேட்டைப் போட்டு அரசுத் தளத்தில் பழைய எம்ஓடிகளைப் படியுங்கள், இலவசம்தான். தொடர்ந்து வந்த துரு எச்சரிக்கை ஒரு வருடம் திடீரென்று காணாமல் போய், வண்டியடியில் புதுக் கறுப்புப் பூச்சு மின்னினால், வெல்டிங் பில்லைக் கேளுங்கள். இல்லையென்றால் நடையைக் கட்டுங்கள்.

கே: ஜப்பானிலிருந்து வந்த யூனோஸ் (அங்கே எம்எக்ஸ்-5 விற்ற பெயர்) என்றால் துரு இருக்காதாமே?

ப: இறக்குமதியான வருடத்தைக் கேளுங்கள். இருபது குளிர்காலம் இங்கே பனிக்கு உப்புத் தூவிய சாலையில் ஓடிய வண்டிக்குப் பிறந்த ஊர் துணை வராது.

கே: சில்லில் காந்தம் வைத்துப் பார்க்கலாமா?

ப: தாராளமாக. பட்டி அடித்த இடத்தில் ஒட்டாது. ஆனால் துருவின்மேல் மெல்லிய தகடு வைத்து மூடியிருந்தால் ஒட்டும்.

கே: எந்த எஞ்சின் கோளாறுக்கு நீங்களே தயங்குவீர்கள்?

ப: ஆரம்பகால 1.6 லிட்டர் எஞ்சினில், கிராங்க் தண்டின் முனையில் பல்சக்கரத்தைப் பூட்டும் சாவிப்பள்ளம் தேய்வது. எஞ்சின் ஓடும்போது கிராங்க் புல்லி தள்ளாடுகிறதா என்று பாருங்கள். தள்ளாடினால் மாற்று எஞ்சின் செலவைக் கழித்து விலை பேசுங்கள். வண்டி துருவில்லாததாக இருந்தால் நானும் அப்படித்தான் பேசிப் பார்ப்பேன்.