மாதிரிப் படகு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

கேள்வி: 5.4 மீட்டர் நீளமுள்ள இரண்டு ஃபைபர் உடல்களை இணைத்து ஒரு பாய்மரப் படகு செய்கிறேன். ஆட்களோடு 365 கிலோ வரும். 60 செ.மீ. மாதிரி செய்து, மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் ஏரியில் இழுத்துப் பார்த்தால் போதுமா?

பதில்: 12 கி.மீ.யில் இழுக்காதீர்கள், 4 கி.மீ.தான் சரி. மாதிரி ஒன்பதில் ஒரு பங்கு. ஒன்பதின் வர்க்கமூலம் மூன்று. வேகத்தை மூன்றால் வகுக்க வேண்டும். அப்போதுதான் மாதிரி எழுப்பும் அலை, பெரிய படகு எழுப்பும் அலையைப் போலவே அமையும். இங்கிலாந்தின் டார்க்கியில் 1870களில் தொட்டி கட்டி, மாதிரிகளை இழுத்து இதை நிறுவியவர் வில்லியம் ஃப்ரூட். எடை 729-ல் (9×9×9) ஒரு பங்கு, அதாவது அரை கிலோ. அதை அப்படியே ஏற்றுங்கள்.

உராய்வு மட்டும் இந்தக் கணக்குக்கு அடங்காது. ஃப்ரூட் பலகைகளைத் தனியே இழுத்து அதை அளந்தார். உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். மாதிரியைச் சுற்றியும் தண்ணீர் பெரிய படகில் போலவே கலங்கி ஓட, அணியத்துக்கு (முன்முனைக்கு) சற்றுப் பின்னால் மெல்லிய மணல் பட்டை ஒட்டி, இரு உடல்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை மாற்றி மாற்றி இழுத்து ஒப்பிடுங்கள். எதில் இழுவை குறைகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

சரி, வலிமை? அதை மாதிரி சொல்லாது. நீளம் இரட்டித்தால் எடை எட்டு மடங்காகும், இரு உடல்களையும் இணைக்கும் சட்டத்தின் குறுக்குவெட்டுப் பரப்போ நான்கு மடங்குதான் ஆகும். டப்ளினில் வில்லியம் பெட்டி 1662-ல் இரட்டை உடல் கப்பல்களைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அவர் கப்பல் ஹோலிஹெட் தபால் படகைப் பந்தயத்தில் முந்தியது. பிறகு இன்னும் பெரிதாக ஒன்று கட்டினார். 'எக்ஸ்பெரிமென்ட்' என்ற அந்தக் கப்பல் 1665-ல் பிஸ்கே விரிகுடாப் புயலில் போய்விட்டது. இணைப்புதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பெரிதாக்கும்போது இணைப்பில் ஏறும் பளுவைக் கணக்கிட அன்று வழி இல்லை.

1876-ல் அமெரிக்காவின் நதானியேல் ஹெரெஷாஃப் 'அமரில்லிஸ்' படகில் வேறு வழி பார்த்தார்: இரு உடல்களும் தனித்தனியே ஏறி இறங்கும்படி மூட்டுகள் வைத்தார். படகு பறந்தது, வென்ற வேகத்திலேயே பந்தயத்திலிருந்து விலக்கிவைத்தார்கள்! உங்களுக்கு அந்த மூட்டு வேலை வேண்டாம், விறைப்பான குறுக்குச் சட்டங்களே போதும். ஆனால் அவற்றை மேல்தளத்தில் மட்டும் திருகாமல், உள்ளே இருக்கும் தடுப்புச் சுவர்வரை கொண்டுபோய்ப் பிணையுங்கள்.

அப்புறம் கரையிலேயே ஒரு சோதனை. இடது உடலின் முன்முனைக்கும் வலது உடலின் பின்முனைக்கும் கீழே மட்டும் கட்டை கொடுத்து, கவிழாமல் பக்கத்தில் தாங்கு வைத்து, மணல் மூட்டைகளால் முழு எடையும் ஏற்றுங்கள். மூலை மாற்றியும் செய்யுங்கள். இணைப்பில் மயிரிழைக் கீறல் தெரிந்தாலும் தண்ணீரில் இறக்க வேண்டாம்.