கார்டிஃபில் மகளுக்கு நடிப்பு ஆசை வந்தால்

நீங்கள் கேட்டது இது: பிரிட்டனில் வேல்ஸின் தலைநகரான கார்டிஃப் வந்து ஆறு மாதம், கணவரின் வேலை விசாவில் இருக்கிறோம், 14 வயது மகள் வேல்ஸ் நடிகர் மைக்கேல் ஷீன் பேட்டி பார்த்ததிலிருந்து நடிப்புதான் என்கிறாள், நம் பிள்ளைகளுக்கு இங்கே அது சரிப்படுமா, எங்கே ஆரம்பிப்பது?

தாராளமாகச் சரிப்படும் சகோதரி. அவள் பார்த்த ஷீனே வழி காட்டுகிறார். அவர் வளர்ந்தது போர்ட் டால்பட்டில், அது இரும்பு ஆலை ஊர். பேர்பெற்ற நடிகர்களான ரிச்சர்ட் பர்ட்டனும் (சுரங்கத் தொழிலாளி மகன்) ஆண்டனி ஹாப்கின்ஸும் (பேக்கரிக்காரர் மகன்) அதே வட்டாரம்தான். தன்னை ஆளாக்கியது உள்ளூர் இளையோர் நாடகக் குழு என்றும், அரசு உதவியில் நடந்த அப்படிப்பட்ட குழுக்கள் சுருங்கச் சுருங்கச் சாதாரண வீட்டுப் பிள்ளைகளுக்கு வழி அடைபடுகிறது என்றும் ஷீன் விடாமல் சொல்லிவருகிறார். 2011 ஈஸ்டரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்மக்களைச் சேர்த்துக்கொண்டு, தன் ஊரின் தெருவிலும் கடற்கரையிலும் மூன்று நாள் நாடகம் நடத்தியவர் அவர்.

அதனால் நடிப்பு வாய்ப்பு வாங்கித் தரும் ஏஜென்ட் தேடி அலையாதீர்கள். முதலில் இளையோர் குழு. கார்டிஃபில் உள்ள ஷெர்மன் தியேட்டர் என்ற நாடக அரங்கில் விசாரியுங்கள். இடமில்லை என்றால் காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுங்கள், கட்டணச் சலுகை உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். 16 வயதுக்குப் பிறகு வேல்ஸ் தேசிய இளையோர் நாடகக் குழுவின் தேர்வுக்குப் போகலாம். பதிவுக் கட்டணம், போட்டோ கட்டணம் என்று முன்பணம் கேட்கும் ஏஜென்சி எதுவானாலும் விலகிவிடுங்கள். முறையான ஏஜென்ட் வேலை வாங்கிக் கொடுத்த பிறகு சம்பளத்தில்தான் பங்கு எடுப்பார்.

பள்ளி வயதுப் பிள்ளை சம்பளத்துக்கு நடித்தாலோ, அதற்காகப் பள்ளிக்கு லீவு போட்டாலோ, நீங்கள் குடியிருக்கும் கவுன்சிலின் உரிமம் வேண்டும். விண்ணப்பிப்பது தயாரிப்பாளர் பொறுப்பு. 21 நாள் முன்னதாகப் போகாவிட்டால் கவுன்சில் மறுக்கலாம். பள்ளித் தலைமையாசிரியரின் சம்மதக் கடிதத்தை முதலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள், தாமதம் பெரும்பாலும் அங்கேதான்.

நடிகர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல் சுற்று இப்போது பெரும்பாலும் வீட்டில் எடுக்கும் வீடியோதான். போனைப் படுக்கைவசமாக, கண் உயரத்தில் வையுங்கள். பின்னால் வெறும் சுவர், அதிலிருந்து மூன்றடி தள்ளி நிற்கட்டும், இல்லாவிட்டால் நிழல் விழும். ஜன்னல் அவளுக்கு எதிரே இருக்கணும். முதுகுப் பக்கம் இருந்தால் முகம் கறுத்துப்போகும். மார்புக்கு மேல் மட்டும் தெரிந்தால் போதும். எதிர் வசனம் படிக்கிறவர் போனுக்குப் பக்கத்தில் இருப்பதால் அவர் குரல்தான் பெரிதாகப் பதிவாகும், அவர் தணிந்து படிக்க வேண்டும். பார்வை லென்ஸில் அல்ல, லென்ஸை ஒட்டி நிற்கும் அவர் முகத்தில்.

உச்சரிப்பை மாற்றச் சொல்லி அவளைப் படுத்தாதீர்கள். தமிழ் பேசி வளர்ந்த பிள்ளைகளுக்குச் சறுக்குவது அழுத்தத்தில். நாம் எல்லா அசைக்கும் ஏறக்குறைய ஒரே எடை கொடுப்போம். ஷேக்ஸ்பியர் வரியில் பெரும்பாலும் பத்து அசை, ஐந்து இடத்தில் அழுத்தம். அது இடம் மாறினால் சொல் சுத்தமாக இருந்தாலும் வரி கேட்பவருக்குப் பிடிபடாது. அந்த ஐந்து இடத்தையும் பென்சிலால் கோடிட்டு, நடந்துகொண்டே அங்கே மட்டும் காலை ஊன்றிச் சொல்லச் சொல்லுங்கள்.

கல்லூரி என்றால் கார்டிஃபிலேயே ராயல் வெல்ஷ் இசை நாடகக் கல்லூரி இருக்கிறது. 1949இல் கார்டிஃப் கோட்டையில் தொடங்கியது, ஹாப்கின்ஸ் படித்த இடம். மதிப்பெண்ணைவிட ஆடிஷன், அதாவது நடித்துக் காட்டும் தேர்வுதான் அங்கே பெரிது. பணத்தைப் பொறுத்தவரை, நிரந்தர வசிப்புரிமையும் படிப்பு தொடங்குமுன் 3 ஆண்டு வாசமும் இருந்தால்தான் உள்ளூர்க் கட்டணமும் கல்விக் கடனும் என்பது பொது விதி. கணவரின் விசாவைச் சார்ந்த விசாவிலேயே அவள் இருந்தால் வெளிநாட்டு மாணவர் கட்டணம், அது பல மடங்காகலாம். உரிமை எந்த ஆண்டு கிடைக்கும் என்று இப்போதே கணக்குப் போடுங்கள். ஓர் ஆண்டு தள்ளிச் சேர்வதில் தவறே இல்லை.

வெல்ஷ் மொழி வகுப்பை மட்டும் அவள் ஒதுக்கிவிட வேண்டாம். பள்ளியில் 16 வயதுவரை கட்டாயம் என்பதற்காகச் சொல்லவில்லை. எஸ்4சி தொலைக்காட்சி, தியாட்டர் கம்ரி நாடகக் குழு, ஆகஸ்டில் நடக்கும் தேசிய ஐஸ்டெட்வோட் கலைவிழா எல்லாம் வெல்ஷில் இயங்குபவை, அந்த மொழி தெரிந்த நடிகருக்குப் போட்டி குறைவு. கார்டிஃபின் லாண்டாஃப் (Llandaff) என்ற பகுதியின் பெயரில் முதலில் வரும் ‘Ll’ எழுத்திலேயே பழக ஆரம்பிக்கலாம்: ‘ல்’ சொல்லும் இடத்தில் நாக்கை வைத்துக்கொண்டு, குரல் கொடுக்காமல், பக்கவாட்டில் காற்றை மட்டும் ஊத வேண்டும்.